கழற்றி வைத்த பின்சீற்

ஒரு கார்க் கதவின் உட்பக்க அட்டையைக் கழற்ற எனக்கு இருபது நிமிடம் காணும். தயாபரனுடைய காரை நான் முப்பத்துமூன்று நாள் வைத்திருந்தேன். கரம்பொன் சந்தியில் இதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அமலதாசுக்குக் கண் மங்கிவிட்டதாம், பழைய கார் வேலை மறந்துபோய்விட்டதாம். என் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் இல்லை. எனக்குப் பொறாமை, அவ்வளவுதான்.

வளவுக்குள்ளேயே கொட்டில் போட்டு வாகனங்களுக்கு வயறிங் வேலை, பாட்டுச் செற் பூட்டுகிற வேலை செய்கிறவன் நான். ஓட்டோ, வான், உழவு இயந்திரம் என்று இந்தத் தீவில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓடுகிறவற்றில் பாதி என் கை பட்டவை. மகள் யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படிக்கிறாள். வீட்டில் நானும் என் மனைவி யூலியட்டும் மட்டும்தான்.

தயாபரன் மார்க்கண்டரின் மகன். சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் யூலியட்டோடு ஒரே ரியூற்றறியில் படித்தவன். அவன் அவளுக்கு ஒரு வருடம் விடாமல் கடிதம் கொடுத்தான். அவள் இரண்டுக்குப் பதில் எழுதினாள். பிறகு அவன் சுவிசுக்குப் போய்விட்டான். இதெல்லாம் நான் துப்பறிந்து கண்டுபிடித்ததில்லை, கலியாணத்துக்கு முதலே யூலியட் தானாகச் சொன்னது. அந்த இரண்டு கடிதத்திலும் என்ன எழுதினீர் என்று நான் பதினாறு வருடமாய்க் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதாலோ என்னவோ, என் மனதில் அவை வருடத்துக்கு ஒரு பக்கமாய் நீண்டுகொண்டே போயின.

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் கழிந்து ஒரு கிழமை இருக்கும். தரையோடு தரையாய்ப் படுத்த ஒரு சிவப்புக் கார் படலைக்குள் நுழைந்தது. தொண்ணூறாம் ஆண்டுச் செலிக்கா. இரண்டே கதவு. சுவிச்சு ஆழியை அமத்தினால் முன் லைற் இரண்டும் மேலே எழும்பிக் கண் முழிக்கும். இளவயதில் படத்தில் பார்த்துவிட்டு ஏங்கிய கார். அதிலிருந்து தயாபரன் இறங்கினான். வயிறு முதலில் வந்தது, ஆள் பிறகு வந்தான். நடுத்தலையில் ஒரு மயிர் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோசம்.

"அமலண்ணை, நீர்கொழும்பிலை வாங்கினனான். ஓட்டம் திறம். ஆனால் முன் கதவு ரெண்டும் பின்பக்கம் ரெண்டும், நாலு ஸ்பீக்கரும் செத்துப்போச்சு. புதுசு நாலும் கொண்டந்திருக்கிறன். வேறை ஆக்கள் தொட்டால் உள் அட்டையளை உடைச்சுப்போடுவினம். நீங்கள்தான் செய்து தரவேணும். பத்து நாளிலை நான் திரும்பிப் போகவேணும்."

புகழ்ச்சி யாருக்குக் கசக்கும்? நாளைக்கே முடித்துத் தருகிறேன் என்று வாயெடுத்தேன். அதற்குள் யூலியட் கையைத் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்தாள்.

"யூலியட்! நீர் மாறவே இல்லை!"

நீர். நான் அவளைக் கூப்பிடுகிற அதே நீர். அக்கா என்று சொல்ல வயது இடம் கொடுக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் என்று சொன்னால் வாயா சுளுக்கும்?

"தயாபரன், எப்ப வந்தனீங்கள்?" என்றாள் அவள். மீன்காரனுக்கு அண்ணை போடுவாள். பஸ்காரனுக்குத் தம்பி போடுவாள். இவனுக்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை, மொட்டையாய்த் தயாபரன். அவன் தலையைப் போலவே.

அவன் காரின் கூரையில் தட்டினான். "ஸ்பீக்கர் சரிவரட்டும். முதல் ஓட்டம் யூலியட்டை ஏத்திக்கொண்டு மண்கும்பான் கடற்கரை மட்டும். அமலண்ணை, உங்களுக்குப் பிரச்சினை இல்லைத்தானே?"

"எனக்கென்ன பிரச்சினை?" என்று எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தேன்.

யூலியட் "பாப்பம்" என்றாள். மாட்டன் என்று சொல்லியிருக்கலாம். இவரும் வந்தால் வாறன் என்று சொல்லியிருக்கலாம். பாப்பம் என்றாள்.

அடுத்தநாள் காலை வேலையைத் தொடங்கினேன். காரில் எனக்குக் கோபம் இல்லை. முப்பது வருசத்துப் பிளாஸ்ரிக் வயதானவர்களின் எலும்பு மாதிரி, அவசரப்பட்டால் முறியும். கதவைத் திறந்து அரைமணி நேரம் வெயில் குடிக்க விட்டேன். கைப்பிடிக் கிண்ணத்துக்குள் ஒளிந்திருந்த ஸ்குறூவைக் கழற்றினேன், கைதாங்கிக்குக் கீழே இரண்டைக் கழற்றினேன். அட்டையைச் சுற்றிவரக் கிளிப்புகள். அதற்கு நான் இரும்பு பாவிப்பதில்லை. பனைமட்டையில் சீவிய ஆப்பு ஒன்று வைத்திருக்கிறேன், அது காயம் வைக்காது. கீழ் மூலையால் விட்டு, கிளிப்புக்கு மிகக் கிட்ட வைத்து நெம்பினால் டக் என்று ஒன்று, பிறகு மற்றது. எல்லாம் விட்டபின் அட்டையை இழுக்கக்கூடாது. மேலே தூக்க வேண்டும், கண்ணாடி விளிம்பில் கொழுவியிருக்கும். பின்னால் ஜன்னல் ஆழியின் வயரைக் கழற்றிவிட்டால் அட்டை கையோடு வரும்.

உள்ளே பொலித்தீன் தாளைக் கறுப்புப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். தூண்டில் போடுகிற தங்கூசியை இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்து, தாள் கிழியாமல் பசையை அறுத்தேன். அதற்குப் பின்னால் ஸ்பீக்கர். அதன் வட்ட ஓரம் விரல் பட்டதும் ஊறிய பிஸ்கற் போல உதிர்ந்தது. பாவம், எத்தனை வருசம் கத்தியதோ.

பின் ஸ்பீக்கர்கள் பக்கச் சுவர் அட்டைக்குள் இருந்தன. அதற்குப் பின்சீற்றை முழுதாய் வெளியே எடுக்க வேண்டும். எடுத்து மாமரத்தடியில் வைத்தேன். பெல்ற்றின் பெரிய ஆணியைக் கழற்றி, அட்டைகளையும் கழற்றினேன். மத்தியானத்துக்குள் நாலு ஓட்டையும் திறந்து கிடந்தன. புது ஸ்பீக்கர் நாலையும் வைத்து வயர் கொடுத்துப் பூட்டினால் பின்னேரம் வேலை சரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னேரம் வேலை சரியென்றால், பின்னேரம் அவள் இந்தக் காரில் ஏறுவாள். மண்கும்பானில் கடல்காற்று அடிக்கும். நான் பூட்டிய ஸ்பீக்கரில் அவன் பாட்டுப் போடுவான். சுத்திவர என் கை வேலை, நடுவில் என் மனைவி, பக்கத்தில் அவன்.

ஐந்து மணிக்குத் தயாபரன் தகப்பனின் சைக்கிளில் வந்தான். "முடிஞ்சுதோ அண்ணை?"

வாயில் என்ன வருகிறதென்று யோசிக்காமலே சொன்னேன். "பூட்டுறது பெரிய வேலை இல்லைத் தம்பி. பூட்டினால் பாட்டுப் போட்டுத்தானே சோதிக்க வேணும். எங்களுக்குத் தவக்காலம். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் இந்த வளவுக்குள்ளை பாட்டுச் சத்தம் கேக்கக்கூடாது."

தவக்காலத்தில் இறைச்சியையே ஒழுங்காய் விடாதவன் நான். கொட்டிலில் றேடியோ காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் நான் படுக்கிற வரைக்கும் சினிமாப் பாட்டுத்தான். என் கணக்கு இதுதான்: பத்து நாளில் போகிறவன், அவசரத்தில் காரை அப்படியே இழுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது கொடுப்பான். சனியன் தொலையும்.

தயாபரன் தலையில் கை வைத்தான். "ஐயோ, ஓம் என்ன! பள்ளிக்கூடத்திலை உங்கடை ஆக்களோடை படிச்சு வளந்தும் எனக்கு அது மறந்துபோச்சு. பிழைதான் அண்ணை. நீங்கள் உங்கடை முறைப்படி செய்யுங்கோ. நான் ரிக்கற்றைத் தள்ளிப்போடுறன். பெருநாள் முடிஞ்சே போறன். அங்கை எனக்காக ஆர் பாத்துக்கொண்டு இருக்கினம்? மனுசியும் நானும் பிரிஞ்சு ரெண்டு வருசமாச்சு."

இவ்வளவு நல்லபிள்ளையாய் ஒருவன் இருப்பான் என்று நான் கண்டேனா? கண்டது இவ்வளவுதான்: நான் வேண்டாமென்று தள்ளிய ஆளுக்கு நானே ஒரு மாதம் தங்க இடம் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவன் நிம்மதியாய் மாமரத்தடிக்குப் போய், நான் கழற்றி வைத்த பின்சீற்றில் சாய்ந்து உட்கார்ந்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்குக் காரைப் பார்க்க வந்தான். காரில் பார்க்க என்ன இருக்கிறது? எலும்பும் வயரும். ஒரு நிமிடம் எட்டிப் பார்ப்பான், பிறகு சீற்றில் போய் இருப்பான். வந்த ஆளுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விட முடியுமா? யூலியட் கொண்டுவந்து கொடுப்பாள். முதல் இரண்டு மூன்று நாள் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பிறகு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குசினியிலிருந்து ஒரு கதிரை வந்தது. இரண்டாம் கிழமை தேத்தண்ணியோடு பிஸ்கற்றும் வந்தது. என் வீட்டில் பிஸ்கற் என்பது மகள் விடுதியிலிருந்து வருகிற நாளில் மட்டும் வாங்குகிற சாமான்.

நாலரை மணிக்கு அவள் தலை இழுக்கிறாள் என்பதையும் கண்டேன். முன்பும் நாலரைக்கு இழுத்தவள்தானோ? சத்தியமாய் எனக்குத் தெரியாது. பதினாறு வருடத்தில் நான் பார்க்கவில்லை. இப்போது சீப்பு மயிரில் இறங்குகிற சத்தம்கூடக் கேட்டது.

அவர்கள் கதைப்பதைக் கேட்பதற்காகவே நான் மாமரத்துப் பக்கக் கதவில் வேலை செய்தேன். செய்ய என்ன இருந்தது? அட்டையைப் பூட்டினேன், கழற்றினேன், திரும்பப் பூட்டினேன். அந்தக் கதவு என் பொறாமையால் ஆறு தரம் கழன்றது. கேட்டதென்ன? அவன் தாயின் முழங்கால் வருத்தம். சூரிச்சில் பனி. ரியூற்றறியில் கணக்குப் படிப்பித்த சேர் தும்மினால் சோக் உடைகிற கதை. காதல் கதை கதைத்தாலும் பரவாயில்லை, ஸ்பனரை எடுத்துக்கொண்டு எழும்பிப் போயிருக்கலாம். தாயின் முழங்காலுக்காக ஒருத்தனை எப்படி அடிப்பது?

சிரித்தாள் என்பதுதான் எனக்கு ஏலாமல் போனது. யூலியட் என்னோடும் சிரிப்பாள். ஆனால் நான் பகிடி சொல்லி முடித்த பிறகு சிரிப்பாள். அவன் பாதி சொல்லும்போதே சிரித்தாள், மிச்சம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். ரியூற்றறியில் அவர்களோடு ஒரே வாங்கில் நான் இருக்கவில்லை என்று அந்தச் சிரிப்பு ஒவ்வொரு முறையும் எனக்குச் சொல்லிக் காட்டியது. அவனுடைய சப்பாத்து, அவனுடைய வாசனைத் தைலம், ஒன்றுக்கும் நான் ஆசைப்படவில்லை. அந்தப் பாதிப் பகிடிக்கு ஆசைப்பட்டேன்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை அது நடந்தது. கதிரையின் கால் ஆடியது. "இஞ்சை இருமன், இது மூண்டு பேர் இருக்கிற சீற்" என்று தயாபரன் தள்ளி இருந்தான். யூலியட் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு சீற்றின் மற்றத் தலைப்பில் போய் இருந்தாள். நடுவில் ஒரு ஆள் இருக்க இடம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பழைய சீற்றில் இரண்டு பேருக்கும் இரண்டு பள்ளம். மெத்தையைப் பிடுங்கி அடுப்புக்குள் வைக்க வேண்டும் போல எனக்கு உடம்பு காந்தியது.

அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "ஒரு வகையிலை உங்கடை தவக்காலத்துக்கு நன்றி சொல்ல வேணும் யூலியட். வளவுக்குள்ளை பாட்டே போடக்கூடாது எண்டு அமலண்ணை சொல்லாட்டி நான் எப்பவோ போயிருப்பன். இவ்வளவு கதைச்சிருக்கவும் மாட்டம்."

 யூலியட் கொட்டிலில் நிற்பாட்டிக் கிடந்த றேடியோவைப் பார்த்தாள். நாலு கிழமையாய் அது ஏன் பாடவில்லை என்று இரண்டு தரம் கேட்டிருக்கிறாள், பழுது என்று சொல்லியிருக்கிறேன். பிறகு என்னைப் பார்த்தாள். இப்போது வெடிக்கும் என்று நின்றேன். அவள் "ஓம்" என்றாள். "எங்கடை முறை அப்பிடித்தான்."

அவன் போனபிறகாவது கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. அடுத்தநாளும் கேட்கவில்லை. குருத்து ஞாயிற்றுக்குக் கோயிலில் எனக்குப் பக்கத்தில் நின்று பாடினாள், குருத்தோலையில் எனக்கும் சேர்த்துச் சிலுவை பின்னினாள், ஒரு வார்த்தை இல்லை. என் பொய்யை அவள் காப்பாற்றிவிட்டாள் என்று முதல் நாள் பெருமையாய் இருந்தது. மூன்றாம் நாள்தான் வேறொரு எண்ணம் வந்தது: பொய் உடைந்தால் காரும் போய்விடும். இது அவளுக்கும் தெரியும்.

பெரிய வெள்ளி வருகிற பெரிய கிழமை, செவ்வாய்க்கிழமை காலையில் அவள் கொட்டிலுக்குள் வந்தாள். நான் சோதனை பண்ணுகிற சாக்கில் ஒரு வயரைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சேருங்கோ. இண்டைக்கே அந்தக் காரைப் பூட்டிக் குடுங்கோ."

"ஞாயிற்றுக்கிழமை..."

"தவக்காலக் கதையை எனக்குச் சொல்லாதேங்கோ. நீங்கள் ஏன் சொன்னீங்கள் எண்டு எனக்கு விளங்கும்."

"விளங்கினால் ஏன் அண்டைக்கே கேக்கேல்லை?"

அவள் கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது. ஆனால் கண்ணை என்னிடமிருந்து எடுக்கவில்லை.

"அதைத்தான் சொல்ல வந்தனான். அந்த ஆள் முதல் நாள் வந்து இறங்கேக்கை எனக்கு ஒண்டும் இல்லை. மாதாவாணை ஒண்டும் இல்லை. மொட்டையைத்தான் கண்டனான். அண்டைக்கே நீங்கள் ஏத்தி விட்டிருந்தால், மண்கும்பானிலை ஒரு ஐஸ்கிறீம் குடிச்சிட்டு வந்து, அவரின்ரை வயித்தைப் பற்றி உங்களோடை சொல்லிச் சிரிச்சிருப்பன். ஒரு பின்னேரத்தோடை முடிஞ்சிருக்கும். நீங்கள்தான் அவரைக் கொண்டந்து மரத்துக்குக் கீழை இருத்தினீங்கள். ஒவ்வொரு நாளும். நாலரை மணியானால் என்ரை காது இப்ப படலையிலை நிக்குது. ஒருநாள் மழைக்கு வரேல்லை, அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கேல்லை. அதாலைதான் கேக்கேல்லை. கேட்டால் நிண்டுபோகும் எண்டு. போதும். எனக்கு இது வேண்டாம். அந்த ஆள் போகட்டும்."

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? பதினாறு வருடம் பயந்த ஒன்று இல்லவே இல்லை என்று அவள் சொல்கிறாள். அந்த இல்லாததை முப்பத்துமூன்று நாள் தேத்தண்ணி ஊற்றி நானே வளர்த்தேன் என்றும் சொல்கிறாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். பொய் என்று சொல்ல ஒரு இடமும் இல்லை.

"பிடியும்" என்று கைலாம்பைக் கொடுத்தேன். 

அவள் வெளிச்சம் பிடித்தாள், நான் பூட்டினேன். பின்பக்கம் இரண்டும் முதலில். வயர் கொடுத்து, சுவர் அட்டையை வைத்து, பெல்ற் ஆணியை இறுக்கினேன். பிறகு இரண்டு பேருமாய் மாமரத்தடிக்குப் போய்ச் சீற்றை ஆளுக்கொரு பக்கமாய்த் தூக்கினோம். அது இருந்த இடத்தில் புல் மஞ்சளாய்ச் செத்திருந்தது. அவள் அதைப் பார்க்காமல் நடந்தாள். கதவுகளுக்கு ஒரு கிளிப்கூடக் குறையவில்லை, ஒன்றும் முறியவில்லை. அட்டையைக் கண்ணாடி விளிம்பில் கொழுவி உள்ளங்கையால் ஒவ்வொரு கிளிப்பாய்த் தட்டினேன். இருபது நிமிடம். நான் சொன்னேனே, காணும் என்று.

பெரிய கிழமை என்றும் பார்க்காமல் பாட்டைப் போட்டேன். நாலு மூலையிலிருந்தும் கண்ணாடி போலக் கேட்டது. பக்கத்து வீட்டு மாக்கிறேற் அக்கா வேலிக்கு மேலால் எட்டி, "அமலதாஸ், உனக்கு விசரே? பெரிய வெள்ளிக்கு மூண்டு நாள்தான் கிடக்கு!" என்று கத்தினார். நான் அணைக்கவில்லை.

ஐந்து மணிக்குத் தயாபரன் படலையில் சைக்கிளோடு நின்றுவிட்டான். பாட்டைக் கேட்டான், வெறும் மாமரத்தடியைப் பார்த்தான். "தவக்காலம் முடியேல்லையே அண்ணை?"

"எனக்கு முடிஞ்சுது."

அவன் மடையன் இல்லை. மேற்கொண்டு கேட்கவில்லை. காருக்குள் இருந்து சத்தத்தைக் குறைத்தான், கூட்டினான், திறம் என்றான். பிறகு குசினிப் பக்கம் பார்த்து, "யூலியட், ஒருக்கால் கேட்டுப் பாருமன்!" என்று கூப்பிட்டான். உள்ளே பானை மூடி வைக்கிற சத்தம் கேட்டது. அவள் வரவில்லை. அவன் இன்னொரு தரம் கூப்பிடவில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் கை ஈரமாய் இருந்தது. சைக்கிளை விட்டுவிட்டுக் காரில் போனான். அடுத்தநாள் மார்க்கண்டரே வந்து எடுத்துக்கொண்டு போனார். வியாழக்கிழமை விமானம் என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். வியாழன் பின்னேரம் கொட்டிலைக் கூட்டித் துப்புரவாக்கினேன். யூலியட் மாமரத்துக்கு அந்தப் பக்கம், முதுகைப் படலைக்குக் காட்டிக்கொண்டு கொடியில் உடுப்பு எடுத்தாள். ஐந்து மணியிருக்கும். வீதியில் ஒரு சைக்கிள் மணி அடித்தது. பாண்காரனோ, யாரோ.

அவள் கை கொடியில் அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருக்க அவள் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.